பிக்கப்புக்கு 33 இன்ச் டயரா, 16 இன்ச் ரிம்மா?

மலைப்பாதை:
என் டபுள் கேப் பிக்கப்ல கம்பெனி போட்டது 265/65 ஆர்17 (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதுல 65%, ரிம் 17 இன்ச்). பாதி ஓட்டம் தார் ரோடு, மீதி கல்லும் சேறும் கலந்த காட்டுப்பாதை. பின்னாடி அரை டன் வரைக்கும் சுமை ஏறும். டயர் தேஞ்சு மாத்துற நேரம் வந்துடுச்சு. 33 இன்ச்னு சொல்ற 285/70 ஆர்17 போட்டு, 2 இன்ச் லிஃப்ட் பண்ண (சஸ்பென்ஷனை உயர்த்தி பாடியைத் தூக்க) சொல்றார் ஒருத்தர். ரிம்மையே 16-க்கு இறக்குங்கறார் இன்னொருத்தர். எதைக் கேட்கிறது?

சேற்றுப்புலி:
285/70-தான், யோசிக்கவே வேண்டாம். லிஃப்ட் கிட் போட்டா பாடி மட்டும்தான் ஏறும். பின் ஆக்ஸில் இருக்கிற இடத்துலயேதான் இருக்கும், அதுக்கு நடுவுல தொங்குற டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற கியர் பெட்டி) கல்லுல இடிக்கிறது நிக்காது. அதைத் தூக்கணும்னா பெரிய டயரைத் தவிர வேற வழி இல்ல. உங்க டயர் விட்டம் 776 மி.மீ., இது 831. பாதிக் கணக்குல 27 மி.மீ. உயரம் கூடுது. ஆழமான சேத்துத் தடத்துல சிக்கினவனுக்குத்தான் அந்த 27 எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

அளவுகோல்:
சேற்றுப்புலி சொல்லும் உயரக் கணக்கு சரி. ஆனால் அதற்கு வண்டி கொடுக்கும் விலையை அவர் சொல்லவில்லை. விட்டம் 7% கூடினால் எல்லா கியரும் 7% நீளும், அதாவது இழுவை அந்த அளவுக்குக் குறையும். அரை டன் சுமையோடு ஏற்றத்தில் ஊர்ந்து ஏற வேண்டிய வண்டிக்கு அதுவே பெரிய பாரம். மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 107-ல் போவீர்கள். டயரின் எடை கூடுவதால் பிரேக்குக்கும் வேலை அதிகம்.

265/75 ஆர்16-ஐப் பாருங்கள். 265-ல் 75% என்றால் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) 199 மி.மீ. 285/70-க்கும் ஏறக்குறைய அதே 199-தான்! விட்டமோ 804. கம்பெனி அளவைவிட மூன்றரை சதவீதம்தான் அதிகம். கரடுமுரடில் காற்றை இறக்கி ஓட்டும்போது வளைந்து கொடுப்பது சைடுவால்தான். 35 பி.எஸ்.ஐ.-யிலிருந்து 20-க்கு இறக்கினால் டயர் தரையில் படும் இடம் முன்பின்னாக நீளும், அதிலிருந்துதான் பிடிப்பு கிடைக்கிறது. வண்டியும் கல்மேல் தூக்கித் தூக்கிப் போடாது.

சேற்றுப்புலி:
சைடுவால் உசரமா இருந்தா எல்லாம் சரியாயிடுமா? காத்து இறக்கினா அது பக்கவாட்டுல பிதுங்கி நிக்கும். கூரான கல் கிழிக்கிறது அங்கேதான், ரோட்ல படுற டிரெட்ல இல்ல. இன்னொண்ணு, 16 ரிம் பல வண்டியில பிரேக் காலிப்பர்லயே இடிக்கும். நீங்க சொல்ற அளவுல உயரம் 14 மி.மீ.தான் கூடுது. என் பாதைக்கு அது பத்தாது.

அளவுகோல்:
உங்கள் பாதைக்குப் பத்தாது, ஒப்புக்கொள்கிறேன். கேட்டவர் பாதி தூரம் தாரில், சுமையோடு போகிறவர். கிழிசலுக்கு மருந்து சைடுவாலில் மூன்று அடுக்கு உள்ள எல்.டி. (லைட் டிரக்) டயர், பெரிய விட்டம் அல்ல. காலிப்பர் விஷயம் நியாயமானது. ரிம்மை மாட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

நட்டுபோல்ட்டு:
ரெண்டு பேரும் ஆஃப்செட்டை (ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து, அது ஹப்புல உக்கார்ற முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்குங்கிற அளவு) விட்டுட்டீங்களே! 30 இருந்த இடத்துல 0 ஆஃப்செட் ரிம் போட்டா சக்கரம் 30 மி.மீ. வெளியே தள்ளி நிக்கும். பார்க்க கம்பீரமா இருக்கும். ஆனா ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் பெரிய வட்டம் போட்டு மட்கார்டோட பின்மூலையில உரசும். வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும், கல்லுல ஏறினா ஸ்டியரிங் கையை உதறும். எந்த அளவு போட்டாலும் கம்பெனி ஆஃப்செட்டை ஒட்டியே இருங்க. உரசுதான்னு சமதளத்துல பார்த்தா தெரியாது. ஒரு முன்சக்கரத்தைக் கட்டை மேல ஏத்தி, ஸ்பிரிங் நல்லா அமுங்கினதும் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்குற சுமையைக் குறிக்கிற எண்) கம்பெனி டயரைவிடக் குறையவே கூடாது. 112-னா ஒரு டயர் 1120 கிலோ தாங்கும்.

மலைப்பாதை:
ஒரு 16 ரிம்மை இரவல் வாங்கி முன்னாடி மாட்டிப் பார்த்தேன். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவுல சுண்டுவிரல் தாராளமா நுழையுது, கையால சுத்தினா எங்கேயும் உரசல. 265/75 ஆர்16 எல்.டி. எடுக்கப்போறேன், லிஃப்ட் இல்லாம.

சேற்றுப்புலி:
உங்க ஓட்டத்துக்குச் சரி. சேத்துத் தடம்தான் அதிகம்னா என் பேச்சு மாறாது. நாலோட நிறுத்தாதீங்க, ஸ்டெப்னியையும் அதே அளவுல வாங்குங்க. பழைய 776 டயரை ஒரு பக்கம் மாட்டிட்டு ஃபோர் வீல் போட்டு ஓட்டினா டிஃபரன்ஷியலும், முன்-பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் முறுக்கிக்கும். பெட்டுக்கு அடியில ஸ்டெப்னி தொங்குற இடத்துல 804 அடங்குதான்னும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே அளந்துடுங்க.