குன்னூர் சாலையில் படுத்துவந்த ஃப்ரிட்ஜ்: ஊட்டி நண்பர்களே, உதவுங்கள்

பொங்கல் விடுமுறையில் கோவையிலிருந்து ஊட்டி ஃபெர்ன்ஹில்லுக்குக் குடிவந்தோம். அதன்பின் ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை. அம்மாவின் இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அதுதான் கவலை.

190 லிட்டர், ஒற்றைக் கதவு, 6 வருடப் பழசு. டெம்போவில் இடமில்லாமல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நீலகிரிக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸ் எடுக்க மறந்து கல்லாறில் நின்றது, பர்லியாறு தாண்டி டயர் பஞ்சரானது எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம். அந்த இருட்டில் டீக்கடை அக்கா அம்மாவை அடுப்போரம் உட்காரவைத்து, கையில் சூடாக வர்க்கி கொடுத்தார். கேஸ் இணைப்பு வராததால் பால் காய்ச்சியதுகூடப் பக்கத்து வீட்டு அடுப்பில்தான். இன்சுலினும் இப்போது அவர்கள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் கதவைத் தட்டக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போட்டேன். விளக்கு எரிகிறது. கம்ப்ரஸர் ஐந்து நிமிடம் ஓடி, பிறகு மணிக்கணக்கில் மௌனம். ஃப்ரீஸரில் ஐஸ் பிடிக்கவே இல்லை. வேறு பிளக், ஸ்டெபிலைசர், தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிருக்கான 7-ஆம் எண்ணுக்குத் திருப்பியது, எதுவும் பலனில்லை. பார்க்க வந்த மெக்கானிக், ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கும் கேஸ் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார். வீட்டுக்குள்ளேயே விடியற்காலையில் 9 டிகிரிதான்.

படுக்கவைத்ததால் வந்த பழுதா, இந்தக் குளிரில் தெர்மோஸ்டாட் தானாக அணைந்துவிடுகிறதா என்பதைக் காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?