குறுந்தொகைக் குருகைக் கண்மாயில் அடையாளம் காண்பது

கண்மாய்க்கரை:
குறுந்தொகையின் 25-ஆம் பாட்டை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட அதில் வரும் குருகு என்ற நீர்ப்பறவையை வெள்ளைக் கொக்காகவே நினைத்துக்கொள்கிறார்கள். கபிலர் இறகின் நிறத்தைச் சொல்லவில்லை. காலைச் சொல்கிறார்: 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால', தினையின் தாள் போன்ற சிறிய பச்சைக் கால். அதனால் முதலில் காலைப் பாருங்கள். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கும் கால் கருமைதான். மங்கிய பச்சைக் கால், நாம் அடிக்கடி பார்ப்பவற்றில் மடையான் என்ற குளத்துக்கொக்குக்கு உண்டு. நிற்கும்போது மண்நிறம், பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் காலும் சிவக்கலாம். அப்போது பார்த்துவிட்டுப் பாட்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

காலையில் வெயிலை முதுகுக்கு வைத்து உட்காருங்கள். எதிர்வெயிலில் எந்தக் காலும் கறுப்பாகத்தான் தெரியும். நேராக நடந்து போனால் பறந்துவிடும். பாட்டில் குருகு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கிறது; அதனால் மதகடி, வாய்க்கால் என்று நீர் ஓடும் இடமாகப் பாருங்கள். ஆரல் பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீன். அது தலை நீட்டும்வரை குருகு நீரைவிட்டுக் கண்ணெடுக்காது. தலைவன் யாருமில்லாத இடத்தில் தன்னோடு கூடியபோது தலைவிக்கு இருந்த ஒரே சாட்சி இந்தக் குருகுதான். அதுவும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை! அந்த மீனின் பழக்கம் தெரியாவிட்டால் அவள் தவிப்பில் பாதி நமக்கு எட்டாது.

பனங்காடு:
அருமை அண்ணே. 85-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'உள்ளூர்க் குரீஇத் துள்ளுநடைச் சேவல்'. சிட்டுக்குருவி மைனாவைப் போல எட்டு வைத்து நடக்காது, இரண்டு காலும் சேர்த்துத் தத்தும். தொண்டையில் கறுப்பு இருந்தால் சேவல். சூல்முதிர்ந்த பேடைக்காக அது கோதுவது கரும்பின் 'நாறா வெண்பூ': மணமில்லாத, பட்டிழை போன்ற பூ, கூட்டுக்குள் மெத்தையாகும். இன்று அதைப் பார்ப்பது கடினம், பெரும்பாலும் பூக்குமுன்பே கரும்பை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாமல் விட்ட வயல் இருந்தால் கார்த்திகை, மார்கழியில் போய்ப் பாருங்கள். கூட்டில் கை வைக்க வேண்டாம்; கீழே உதிர்ந்து கிடக்கும் இழைகளே என்னென்ன கொண்டுவந்தது என்று சொல்லிவிடும்.

கொடியிணர்:
குறிப்பேட்டில் பறவையின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். கால், நடை, வாயில் இருப்பது, அதன் பிறகு பெயர். மரத்துக்கும் அப்படியே. 66-இல் பருவமில்லாத மழையைக் கார்காலம் என்று எண்ணிக் கொன்றை பூத்துவிடுகிறது. ஆகவே பூத்த தேதியோடு அதற்கு முன் மழை பெய்த தேதியையும் குறித்து வையுங்கள்.