பொருள்: கொனிஃபருக்குத் தமிழ் ஊசியிலையா, கூம்புளியா? (வெள்ளிக்கு முன் முடிவு வேண்டும்)

கோப்பாய்:
உயர்தர உயிரியல் மாணவருக்கான சுவர்ப்படம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விடயம், பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் கொனிஃபர்கள், அதாவது பைன் போல் கூம்பில் வித்து வைக்கும் மரவகை. அத்தீவில் இயல்பாக வளரும் கொனிஃபர் எதுவும் வேறெங்கும் இல்லை. அவற்றுள் அரோக்காரியா என்ற சாதியில் மட்டும் உலகின் 20 இனங்களில் 14 அங்கேதான். தலைப்பு 'ஊசியிலை மரங்கள்'. கீழே படமோ அகாதிசு என்ற இன்னொரு கொனிஃபர்: தடித்த, பட்டையான இலை. "ஊசி எங்கே சேர்?" என்று முதல் வாங்கிலேயே கேள்வி வரும். வேறு சொல் தாருங்கள்.

நல்லூர்:
கூம்புளி, அதாவது கூம்பு உள்ளது. முள்ளந்தண்டுளி, வித்துமூடியிலி என்று பாடநூலில் ஏற்கெனவே உள்ள வாய்பாடு. உயிர் வரக் குற்றியலுகரம் கெடும். இலக்கணம் சுத்தம்.

வட்டுக்கோட்டை:
ஐயா, வகுப்பிலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. பழப்புளி, கொறுக்காய்ப்புளிக்குப் பக்கத்திலை கூம்புளியையும் வைப்பினம். அதோடை, கூம்பு எல்லாத்திலையும் கூம்பாய்த் தெரியாது. அந்தத் தீவிலை பொடோகார்ப்புக் குடும்பம் நிறைய. அதுகளிலை கூம்பு சுருங்கி, சதைப்பிடிச்ச பழம் மாதிரி ஒற்றை வித்துத்தான் தெரியும். ரெட்ரோபில்லம் மைனசு அப்படித்தான். தெற்கிலை ஆத்துத் தண்ணிக்குள்ளையே அடி புடைச்சு நிக்கிற சின்ன மரம். பரசிட்டாக்சசும் அந்தக் குடும்பம். கொனிஃபரிலை தெரிஞ்ச ஒரே ஒட்டுண்ணி அது. செந்நாவல் நிறத்திலை, ஃபல்கட்டிஃபோலியம் எண்ட இன்னொரு கொனிஃபரிலை ஒட்டி வளரும்.

நல்லூர்:
'கூம்பு' வெறும் வடிவப் பெயரன்று. கூம்புதல் குவிதல், தாமரை கூம்பும். பைன் கூம்பின் செதில் ஈரத்தில் மூடும், காய்ந்தால் விரியும். சங்கப் பாட்டில் கூம்பு என்றால் பாய்மரம். 1774இல் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் இருந்தோர் நியூ கலிடோனியாவின் பைன் தீவில் அரோக்காரியாக்களைத் தூரத்தில் கண்டு, மரமா கற்றூணா என்று வாதிட்டார்கள். அவ்வளவு நேர் உயரம். கிட்டப் போன குக்குக்குத் தோன்றியதும் பாய்மரத் தடிதான். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

காரைநகர்:
எங்கள் கசூரினாக் கடற்கரைச் சவுக்கை மறந்துவிட்டீர்கள். ஊசி போல் தெரிவது கிளை. இலை கணுவில் சிறு செதில். காய் குட்டிக் கூம்பு போல. ஆனால் அது பூக்குந் தாவரம். இரண்டு பெயரும் சவுக்கை உள்ளே இழுக்கும், அகாதிசையோ பொடோகார்ப்பையோ வெளியே தள்ளும். இலங்கையில் இயற்கையாய்க் கொனிஃபரே இல்லை, மலைநாட்டுக் கரிபியன் பைன் நட்டது. ஆகவே பிள்ளைக்குத் தெரிந்த 'கொனிஃபர்' சவுக்குத்தான். ஒலிபெயர்ப்பே போதும்.

நல்லூர்:
ஒலிபெயர்ப்புக்கு ஏன் இந்தக் குழு?

கோப்பாய்:
இன்னொன்று. வாழிடக் குறிப்பில் 'மீகாரப் பாறை' என்று எழுதியிருக்கிறேன்.

வட்டுக்கோட்டை:
வேண்டாம். 'காரம்' எண்டால் பிள்ளையள் பி.எச். பெறுமானத்தைத் தேடுவினம். அங்கை சொல்லுறது சிலிக்கா 45 வீதத்துக்குக் குறைஞ்ச பாறையை. அதிலை உண்டான மண்ணிலை மகனீசியம், நிக்கல் கூட; பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம் குறைவு. 'மகனீசிய-இரும்புப் பாறை மண்' எண்டு விரிச்சே எழுதுங்கோ. நியூ கலிடோனியாவின்ரை பெருந்தீவிலை ஏறக்குறைய மூண்டிலொரு பங்கு இந்த நிலம். மற்றச் செடி திணறுற மண்ணிலை இதுகள் தாக்குப்பிடிக்கும். நிக்கல் சுரங்கமும் காட்டுத்தீயும் அங்கைதான்.

கோப்பாய்:
மண் அப்படியே. தலைப்பு 'கூம்புத் தாவரங்கள்', அடியில் சிறிய எழுத்தில் "சிலவற்றில் கூம்பு பழம்போலிருக்கும், சவுக்கு இதில் சேராது". மூவர் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள். அச்சகம் இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டது.

நல்லூர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கூம்புளி.