சென்னை – லண்டன் விமானம்: போக 6 மணி, வர 14 மணியா? அவசரம்

எக்செல்ல கோள முக்கோண சூத்திரம் (உருண்டைமேல ரெண்டு ஊருக்கு நடுவுல குறுகிய தூரம் கணக்கிடறது) போட்டா தூரம் 6,350 கி.மீ. வருது. விமான வேகம் மணிக்கு 900 கி.மீ.னு வச்சு வகுத்தா 7 மணி. டிக்கெட்ல போறது காலை 5.30 – 11.50, கிட்டத்தட்ட ஒத்து வருது. திரும்பறது மதியம் 1.30 – மறுநாள் 3.50. இது ஏன் 14 மணிக்கு மேல? யாராவது சொல்லுங்க.

வரைபடம்: எந்த மாசம்? அட்சரேகை, தீர்க்கரேகைக்கு என்ன போட்டீங்க? நேரடி விமானம்தானே?

மேகம்77: பூமி கிழக்கால சுத்துதுல்ல, மேற்கே போறப்ப லண்டன் எதிர்ல வரும். அதான் சீக்கிரம்.

பழையவர்: டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். இதுகூடத் தெரியாம சூத்திரம் எதுக்கு? முதல்ல நேர மண்டலம் படிச்சுட்டு வாங்க.

கேட்டவர்: ஆகஸ்ட், நேரடிதான். 12.99, 80.17, லண்டன் 51.47, மைனஸ் 0.45.

வரைபடம்: அதே எண்ணைப் போட்டா எனக்கும் 6,350 வருது, அப்பதான் புரிஞ்சுது. எக்செல் சைன், காஸ் ரெண்டுமே ரேடியன்ல (கோணத்தை அளக்கிற இன்னொரு அலகு) கணக்குப் போடும், நீங்க டிகிரியாவே குடுத்திருக்கீங்க. ஒவ்வொரு கோணத்தையும் 'ரேடியன்ஸ்' சார்புக்குள்ள போடுங்க. கடைசியில பூமியோட ஆரம் 6371 கி.மீ.ஆல பெருக்கினா 8,234 வரணும். மைனஸ் விட்டுட்டா 60 கி.மீ.க்கு மேல குறையும்.

ஆகஸ்ட்ல இந்தியா, லண்டன் நேர வித்தியாசம் 4 மணி 30 நிமிஷம். போக 6.20 + 4.30 = 10 மணி 50 நிமிஷம். வர 14.20 – 4.30 = 9 மணி 50 நிமிஷம். அக்டோபர் கடைசி ஞாயிறுலேர்ந்து மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் லண்டன் கடிகாரம் ஒரு மணி பின்னால போயிடும், அப்ப 5.30 போடணும். தப்பான தூரமும் தப்பான நேரமும் தற்செயலா பொருந்திடுச்சு, அதான் சந்தேகமே வரல.

மேகம்77: அப்பவும் ஒரு மணி வித்தியாசம் இருக்கே? சுழற்சிதான்.

வால்காற்று: இல்லைங்க, காத்து மண்டலமும் பூமியோட சேர்ந்தே சுத்துது. வித்தியாசம் 10–12 கி.மீ. உயரத்துல மேற்கேயிருந்து அடிக்கிற ஜெட் காத்தால. 900ங்கிறது காத்துல போற வேகம், தரை வேகத்துக்குக் காத்தோட வேகத்தைக் கூட்டிக் கழிக்கணும். டிக்கெட் நேரத்துல ஓடுபாதைக்கு ஊர்ந்து போறதும் சேரும். அரை மணி கழிச்சு 8,234ஐ வகுங்க: போக மணிக்கு 797 கி.மீ., வர 882.

பழையவர்: 8,234ம் பறக்கிற தூரமில்ல. அந்தக் குறுகிய தூரக் கோடு பாகிஸ்தான், ஈரான், தெற்கு ரஷ்யா, உக்ரைன் மேல போகுது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலேர்ந்து மூடியிருக்கு. வளைஞ்சுதான் போகணும்.

மேகம்77: வரைபடத்துல நேர்கோடு போட்டா உக்ரைனே வரலையே?

வால்காற்று: தட்டை வரைபடத்துல ரூலர் வச்சா அப்படித்தான் தெரியும். உருண்டைமேல நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, கோடு வடக்கே வளையும்.

கேட்டவர்: ரேடியன்ஸ் போட்டேன், 8,234. நன்றி.