400 கிராம் காய் என்பது ஆய்வதற்கு முன்பா, ஆய்ந்த பிறகா?

தராசு: மதியம் ஒரு கிண்ணம் பொரியல் சாப்பிட்டாலே அன்றைக்குரிய 400 கிராம் காய் முடிந்துவிடும் என்று மருதன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்கான 2000 கலோரித் தட்டுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்று இருக்கிறது. அது சமைக்காத எடை. நேற்று 310 கிராம் இருந்த அரைக்கீரைக் கட்டை வேரும் முற்றிய தண்டும் நீக்கி ஆய்ந்து நிறுத்தேன். 170 கிராம்தான் நின்றது. கடைந்தபின் இரண்டு கரண்டிகூடத் தேறவில்லை.

மருதன்: சமைக்காத எடை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அது சந்தையில் வாங்கிய எடை. ஆகவே உங்கள் கட்டு 310 கிராம்தான். உலக சுகாதார நிறுவனமும் பழத்தையும் சேர்த்தே 400 என்கிறது.

தராசு: இரண்டு 400-களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது காயும் பழமும் சேர்ந்த குறைந்தபட்ச அளவு, அதிலும் உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகள் சேராது; ஐதராபாத் சொல்லும் 400 காய்கறிக்கு மட்டுமே உரியது. அந்த ஐதராபாத் நிறுவனமே 2017-இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணை, உண்ணத்தக்க பகுதியின் 100 கிராமுக்குத்தான் கணக்குத் தருகிறது. வாழைப்பூவின் மடலையும் முருங்கைக்காயின் சக்கையையும் நீங்கள் விழுங்குவதில்லையே! குப்பைக்கூடைக்குப் போனதை வயிற்றுக் கணக்கில் எழுத நான் விடமாட்டேன்.

தாமரை: நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 1600 கிராம் காயை ஆய்ந்து, அலசி, நறுக்குவது யார் என்று இருவரில் ஒருவராவது கேட்டீர்களா? காலை ஆறு மணிக்குக் கீரையோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் பேசட்டும்.

தராசு: அம்மா, என் வீட்டில் கீரை ஆய்பவன் நான்தான். அதனால்தான் 170 என்று உறுதியாகச் சொல்கிறேன். வெள்ளரி, கேரட் போன்றவற்றைப் பச்சையாகவே தட்டில் சேர்த்தால் உங்கள் வேலை பாதி குறையும்.

மருதன்: சென்ற மாதம் சிறுதானியம் பற்றிப் பேசியபோதும் இவர் இப்படித்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினார், அதை நான் மறக்கவில்லை. உருளைக்கிழங்கும் எங்கள் வீட்டில் காய்தான். கட்டு 310 கிராம்.

தராசு: உருளையைச் சோற்றுப் பக்கம் வையுங்கள். ஆய்ந்த கீரை 170 கிராம்.

மருதன்: நீங்கள் கடையில் காசு கொடுத்தது 310 கிராமுக்கு.