கரு கலைஞ்ச பிறகு வர்ற ரத்தம்: எவ்ளோ சாதாரணம், எப்ப ஓடணும்? உங்க அனுபவம் சொல்லுங்க

செந்தூல்காரி:
எனக்கு 9 வாரம்னு கணக்கு, ஸ்கேன்ல பாத்தா கரு 7 வாரத்து அளவுல நின்னுருச்சு, துடிப்பு இல்ல. டாக்டர் உடனே முடிவா சொல்லல, ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் ஸ்கேன் பண்ணிட்டுதான் சொன்னாங்க. 3 வழி இருக்கு, தானா வர்ற வரைக்கும் காத்திருக்கலாம், மாத்திரை வைக்கலாம், இல்ல மயக்கம் குடுத்து சுத்தம் பண்ணிடலாம்னாங்க. நான் மாத்திரைன்னேன். "கொஞ்சம் ப்ளீடிங் இருக்கும்"னு அனுப்பி விட்டாங்க. கொஞ்சமா அது! மாசாமாசம் வர்ற வலி மாதிரி ஆரம்பிச்சு அப்புறம் இடுப்பையே கழட்டுது, எலுமிச்சம்பழம் சைஸ்ல கட்டி கட்டியா போகுது, நான் பாத்ரூம விட்டு எந்திரிக்கவே இல்ல, வீட்டுக்காரரு கதவுக்கு வெளிய நின்னு கிராப் கார் கூப்பிடவா, ஆம்புலன்சுக்கு 999 அடிக்கவான்னு கேட்டுட்டே இருக்காரு. வார்டுக்கு போன் அடிச்சா ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) எடுத்தாங்க, அவங்க சொன்ன கணக்குதான் என்னைக் காப்பாத்துச்சு: பெரிய பேட் ஒரு மணி நேரத்துல 2 முழுசா நனைஞ்சு, அடுத்த மணி நேரமும் அதே மாதிரி போனா உடனே எமர்ஜென்சிக்கு வா, தலை சுத்தி கண்ணு இருட்டுனா கணக்கே பாக்காத, வந்துரு. எனக்கு அந்த அளவுக்குப் போகல. கரு இருந்த பை வெளிய வந்ததும் வலி சட்டுனு விட்டுருச்சு, அப்புறம் ரெண்டு வாரம் கிட்ட லேசா, பிரவுன் கலர்ல வந்து நின்னுச்சு.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட்:
நான் காத்திருக்கேன்னு சொன்னவ. கொறைஞ்ச ரத்தம் திரும்ப கூடுச்சு, கெட்ட வாடை, காய்ச்சல் 38க்கு மேல, ராத்திரி குளிர் நடுக்கம். உள்ள மிச்சம் தங்கி கிருமி புடிச்சிருச்சு, உறிஞ்சி எடுத்துட்டு ஆன்டிபயாட்டிக் போட்டாங்க. வாடை வந்தா பேசாம கிளம்பிடுங்க, பேட் மட்டும் யூஸ் பண்ணுங்க, டம்பான் வேணாம். இன்னொன்னு, லீவு. 98 நாள் பிரசவ லீவு நமக்கு கிடையாது, மலேசியா சட்டப்படி 22 வாரம் தாண்டியிருக்கணும். அதனால டாக்டர்கிட்ட எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு) கேட்டு வாங்குங்க, வெக்கப்படாதீங்க. நான் ரெண்டு நாள்ல ஃபேக்டரி லைன்ல போய் நின்னேன், கால் நடுங்குது, சூப்பர்வைசருக்கு என்னன்னு சொல்றது.

பட்டர்வொர்த் அத்தை:
பிள்ளைங்களா, என் மருமகளுக்கு ஆனப்ப எங்க சொந்தத்துல பேசாத பேச்சில்ல. டுரியான் தின்னா, அன்னாசி தின்னா, மோட்டார்ல பின்னால ஒக்காந்து போனா, மாடிப்படி ஏறுனா... நானே டாக்டர்கிட்ட நேரா கேட்டேன். இந்த மாதிரி சீக்கிரமே கலையறதுல பாதிக்கு மேல கருவோட குரோமோசோம் சரியா சேராததாலதான்னு சொன்னாரு, தெரிஞ்ச கர்ப்பத்துல 100க்கு 10லருந்து 20 வரைக்கும் இப்படி ஆகுதாம். அன்னையிலருந்து யாராவது அன்னாசின்னு வாயத் தொறந்தா நான் விடறதில்ல. ரத்த வகை நெகட்டிவா இருந்தா ஆன்டி டி ஊசி (அடுத்த கர்ப்பத்துக்கு ரத்த வகையால பாதிப்பு வராம இருக்க போடறது) தேவையான்னு மறக்காம கேளுங்க, கர்ப்ப செக்கப்புக்கு குடுக்குற பிங்க் புக்குல ரத்த வகை போட்டிருக்கும் பாருங்க.

புதுசு, கெப்போங்:
அக்கா எனக்கு முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆகுது, யூரின் டெஸ்ட்ல இன்னும் ரெண்டு கோடு வருது, பயமா இருக்கு. உள்ள இன்னும் இருக்கா?

செந்தூல்காரி:
ஒரு வாரத்துல எல்லாம் பாக்காதம்மா, ஹார்மோன் இறங்க நாளாகும். எனக்கு 3 வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ண சொன்னாங்க, அப்பவும் பாசிட்டிவ்னா திரும்ப வரணும்னாங்க. பீரியட் 4லருந்து 6 வாரத்துல வரும், ஆனா அதுக்கு முன்னாடியே முட்டை வந்துரும், அதனால உடனே வேணாம்னா ஜாக்கிரதை. ஸ்கேன்ல கர்ப்பப்பைக்குள்ளதான் இருந்துச்சுன்னு உறுதியா பாத்தாங்களா உனக்கு? பாக்கலன்னா, ஒரு பக்கம் மட்டும் குத்துற மாதிரி வலி, தோள்பட்டை வலி, மயக்கம்னு வந்தா காலையில போலாம்னு இருக்காத, கருக்குழாய்ல (ட்யூப்ல) தங்குன கர்ப்பமா இருக்கலாம், அது வெடிச்சா ரத்தம் உள்ளயே போகும், பேட்ல தெரியாது.