குத்துச்சண்டைக்குப் புதுசு: பேக் அடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது

செந்தூல் குமரன்:
வணக்கம். கோலாலம்பூரில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் முவாய்தாய் (உதையும் சேர்ந்த தாய்லாந்துச் சண்டைக்கலை) ஜிம்மில் குத்துச்சண்டை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். எடை 78 கிலோ, வலது கைப் பழக்கம். பேக் (தொங்கும் குத்துப் பை) அடித்தால் வலது மணிக்கட்டு வலிக்கிறது. ஜிம்மின் பொது குளோவ்ஸைத்தான் போடுகிறேன், உள்ளே துணி சுற்றுவதில்லை. எப்படி நிற்பது என்பதற்கும் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எதை முதலில் சரிசெய்வது?

பட்டர்வொர்த் வாசு:
தம்பி, துணி சுற்றாமல் பேக்கைத் தொடவே தொடாதீங்க. நாலரை மீட்டர் நீளமுள்ள, கொஞ்சம் இழுபடும் துணியா வாங்குங்க. குட்டைத் துணி பெரியவங்க கைக்குப் பத்தாது. கட்டைவிரல்ல வளையத்தை மாட்டி, விரல்களை நல்லா விரிச்சு வச்சுக்கிட்டுச் சுற்றணும். மணிக்கட்டுல மூணு சுற்று, விரல் முட்டி மேல மூணு சுற்று, பிறகு விரல் இடுக்குகள் வழியா, கட்டைவிரலைச் சுற்றி, மீதி எல்லாம் மறுபடி மணிக்கட்டுக்கே. கையை மூடினா இறுகணும், திறந்தா தளரணும். விரல்நுனி மரத்துப் போனா அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்க.

உங்க எடைக்கு பேக் அடிக்க 14 அவுன்ஸ் குளோவ்ஸ் சரி. பொது குளோவ்ஸ்ல உள்பஞ்சு நசுங்கி, மணிக்கட்டுப் பட்டையும் தளர்ந்திருக்கும். சொந்தமா ஒரு ஜோடி வாங்குறதுதான் நல்லது. நம்ம ஊர்ப் புழுக்கத்துல அதைப் பைக்குள்ள மூடி வச்சா பூஞ்சை பிடிக்கும். பழைய செய்தித்தாளை உள்ளே திணிச்சு விசிறிக்குக் கீழே வையுங்க.

பிரிக்பீல்ட்ஸ் ரிங்:
துணி பாதி மருந்துதான். வலது கையில் மட்டும் வலி என்றால் காலைப் பாருங்கள்.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முவாய்தாயில் உதையைத் தடுக்க முன்காலில் அதிக எடை போடாமல், இடுப்பை எதிராளிக்கு நேராகத் திருப்பி நிற்பார்கள். குத்துச்சண்டையில் உதை கிடையாது. அதனால் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, எடையை இரண்டு காலுக்கும் ஏறக்குறைய சமமாகப் பகிர்ந்து நிற்கிறோம். வலது கைக்காரருக்கு இடது கால் முன்னே. பாதங்கள் தோளகலம், இரண்டும் ஒரே கோட்டில் வரக் கூடாது. வந்தால் பக்கவாட்டில் தள்ளினாலே சாய்வீர்கள். பின்குதிகால் தரையிலிருந்து சற்று எழும்பியிருக்கட்டும். முழங்கால் இளகி, தாடை தாழ்ந்து, முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்க வேண்டும். முன்னே போக முன்கால் முதலில், பின்னே வரப் பின்கால் முதலில். மற்றக் கால் அதே தூரம் நகரும்.

இனி உங்கள் வலது நேர்க்குத்து. பின்காலின் பாதம், விரல்களுக்குக் கீழுள்ள முன்பகுதியில் சுழன்று குதிகால் வெளியே திரும்ப வேண்டும், அதோடு இடுப்பு, பிறகு தோள், கடைசியில் கை. பாதம் சுழலாமல் நின்றுவிட்டால் கை மட்டும் குறுக்கே வீசப்படும். முட்டி பேக்கில் சாய்வாகப் பட்டு மணிக்கட்டு மடங்கும். உங்கள் வலி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகளே படவேண்டும். கட்டைவிரல் வெளியே, மடக்கிய விரல்களின் மேல். சுண்டுவிரல் பக்கம் பட்டால் கையெலும்பே முறியலாம்.

வலி தீரும்வரை ஜாப் (முன்னே இருக்கும் இடது கையால் நேராக அடிக்கும் குத்து) மட்டும், கண்ணாடி முன்னால். முழங்கை வெளியே விரியாமல் நேராக நீட்டுங்கள். முடிவில் உள்ளங்கை தரையைப் பார்க்கும், தோள் தாடையை மறைக்கும். போன வழியிலேயே கை கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். தாழ்வாக இழுத்தால் எதிராளியின் வலது கை அந்த இடைவெளியில் நுழையும். 1975இல் இங்கே கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, ஜோ பக்னரோடு 15 சுற்று ஆடியதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஜாபை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கையைத் தாழ்த்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் கால் வேகம் நமக்கு இல்லை.

செந்தூல் குமரன்:
நன்றி அண்ணே. வலி கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியில். அமுக்கினால் கூடுகிறது.

பட்டர்வொர்த் வாசு:
அப்படின்னா பேக் வேண்டாம் தம்பி, நாளைக்கே டாக்டரைப் பாருங்க. அந்தக் குழிக்குள்ள ஸ்கேஃபாய்டுன்னு சின்ன எலும்பு இருக்கு. அதுக்கு ரத்த ஓட்டம் குறைவு, முறிஞ்சா சரியாக் கூடாம போகலாம். விரிசல் முதல் எக்ஸ்ரேயில தெரியாமலும் இருக்கும். படம் சுத்தமா வந்தும் வலி நிக்கலைன்னா மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்க. அதுவரைக்கும் காலடி வேலை மட்டும்: 2 நிமிஷம் நகர்வு, 1 நிமிஷம் ஓய்வு. கயிறு சுழற்றுறதும் மணிக்கட்டு வேலைதான், அதையும் நிறுத்தி வையுங்க.